உப்பும் சீனியும் தாயின் கையும்

புத்தளம் நகரை விட்டு வடக்கே செல்லும் வீதி வில்பத்துக் காட்டை நோக்கிப் போகின்றது. கடலேரி ஒரு புறமும் காடு மறு புறமுமாக அவ்வழியிற் பரந்து கிடக்கும் செம்மண் பூமியே வண்ணாத்திவில்லு. மரமுந்திரிகைத் தோட்டங்களும் சேனைப் பயிர்களும் அங்கே உண்டு. கடலேரியில் மீனும் இறாலும் பிடிப்போர் உளர். வடக்கெல்லையிற் கலா ஓயா கண்டற் காடுகளினூடே ஊர்ந்து கடலேரியோடு கலக்கின்றது. மண்ணுக்கடியில் எங்கும் சுண்ணாம்புப் பாறை. அருவக்காட்டில் அதனைச் சீமெந்துக்காகப் பல்லாண்டுகளாக அகழ்ந்து வருகின்றனர். இங்கே குடிசனம் நெருக்கமில்லை. ஒரு வீட்டின் விளக்கொளி அடுத்த வீட்டுக்குத் தெரியாத அளவுக்குத் தோட்டங்கள் இடையிட்டுக் கிடக்கும் இடங்களும் உள்ளன.

இத்தகைய ஊரில் நள்ளிரவில் ஒரு குழந்தைக்கு வயிற்றோட்டம் காண்கின்றது என்று வைத்துக்கொள்வோம். புத்தளத்து ஆஸ்பத்திரியில் வைத்தியர் உண்டு, தாதியர் உண்டு, நாளத்தில் ஏற்றுவதற்கு மருந்து நீரும் உண்டு. ஆயினும் அந்த இரவின் முதல் ஐந்தாறு மணி நேரத்திற் குழந்தையின் பக்கத்தில் இருப்பவள் தாய் ஒருத்தியே. அவ்வேளையில் அவளுக்கு என்ன தெரியும் என்பதைப் பொறுத்தே விடியற்காலையிற் குழந்தையின் நிலை அமையும். தாய்மாருக்குச் சுகாதாரக் கல்வி வேண்டும் என்று மேடைகளிற் பேசும்போது, இந்த ஐந்தாறு மணி நேரத்தையே நாம் நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும்.

வயிற்றோட்டம் குழந்தையைக் கொல்வது எவ்வாறு? கிருமி ஒரு காரணந்தான். ஆனால் உயிரைக் கொண்டுபோவது பெரும்பாலும் நீரிழப்பே. சிசுவின் உடலிற் பெரும் பங்கு நீர். 10 கிலோ எடையுள்ள ஒரு குழந்தை ஏறக்குறைய 1 லீற்றர் நீரை இழந்துவிட்டால், அதன் உயிர் ஊசலாடத் தொடங்கிவிடும். வளர்ந்தோர் ஒருவருக்கு 1 லீற்றர் பெரிதன்று. குழந்தைக்கோ அது உடலிற் பத்திலொரு பங்கு. கண்கள் குழி விழும், உச்சிக்குழி பள்ளமாகும், வாய் உலரும், அழுதாற் கண்ணீர் வராது, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் அது உடனே விரியாமல் மெல்ல மெல்ல மடிப்பு நீங்கும். இவையெல்லாம் வைத்தியக் கல்லூரியிலே படிப்பவர்க்கு மட்டும் உரிய அடையாளங்கள் அல்ல. எழுத்தறியாத ஒரு தாயும் ஒரு முறை காட்டிக்கொடுத்தால் என்றும் மறக்க மாட்டாள்.

ஆனால் நமது வீடுகளில் வழிவழியாக வந்த வழக்கம் இதற்கு நேர்மாறானது. “வயிறு ஓடும்போது தண்ணீர் கொடுத்தால் இன்னும் ஓடும்” என்பார்கள் பெரியோர். வாயைக் கட்டிப் போடுவதே மருந்து என்று கருதிப் பாலையும் நிறுத்துவார்கள், கஞ்சியையும் நிறுத்துவார்கள். “பல் முளைக்கிற பேதிதானே, நில்லாமற் போகுமா?” என்று இரண்டு நாளைக் கழிப்போரும் உண்டு. நாவூறு என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பிற் போடுவோரும் உண்டு. சுற்றுவதனாற் குழந்தைக்குத் தீங்கில்லை. அந்த உப்பிற் கொஞ்சம் தண்ணீரிலும் விழுந்திருந்தால் நன்றாயிருக்கும்!

வேடிக்கையாக இதைச் சொல்லவில்லை. உப்பும் சீனியும் கலந்த நீர் எவ்வாறு உயிர் காக்கின்றது என்பது, சென்ற நூற்றாண்டின் மருத்துவ வரலாற்றில் ஓர் அரிய அத்தியாயம். குடலின் உட்சுவரில் உப்பின் சோடியமும் குளுக்கோசும் ஒன்றோடொன்று கைகோத்து உட்செல்லும் ஒரு வாயில் இருக்கின்றது என்பதை றொபேட் கிறேன் என்னும் அமெரிக்க அறிஞர் 1960ஆம் ஆண்டு பிராக் நகரத்து மகாநாடொன்றில் எடுத்துரைத்தார். அவ்விரண்டும் உள்ளே செல்ல, நீரும் பின்தொடர்ந்து செல்லும். கொலரா நோய் குடலை எவ்வளவு அலைக்கழித்தாலும் இந்த வாயில் மட்டும் அடைபடுவதில்லை. வெறும் நீரைக் கொடுத்தால் அது போதிய அளவு உட்செல்லாது. உப்பு நீரை மட்டும் கொடுத்தாலும் அவ்வாறே. சீனியும் உப்பும் உரிய அளவிற் சேர்ந்தாற்றான் கதவு திறக்கும். 1968ஆம் ஆண்டில் டாக்காவிலிருந்த கொலரா ஆராய்ச்சி நிலையத்தில் டேவிட் நலின், றிச்சட் காஷ் என்னும் இரு இளம் வைத்தியர்கள் நோயாளருக்கு இதனை வாய் வழியே கொடுத்துப் பார்த்து, நாளத்தில் ஏற்றும் மருந்து நீரின் தேவை பெரிதும் குறைவதை நிறுவினர்.

ஆயினும் ஆஸ்பத்திரிச் சுவருக்குள் நிறுவியது வேறு, சேறும் மழையுமான வெளியில் நடப்பது வேறு. அச்சோதனை 1971இல் வந்தது. வங்கதேசப் போரின்போது எல்லை கடந்து இந்தியாவுக்கு ஓடிவந்த இலட்சக்கணக்கான அகதிகளிடையே கொலரா பரவிற்று. மேற்கு வங்கத்துப் போங்காவ் என்னும் எல்லை ஊரிற் பணிபுரிந்த டாக்டர் திலீப் மகலனோபிஸ் என்பாருக்கு ஏற்றுவதற்கு மருந்து நீர் போதவில்லை. ஏற்றத் தெரிந்த கைகளும் போதவில்லை. உப்பையும் குளுக்கோசையும் கலந்து பெரிய கலங்களில் நிரப்பி, நோயாளரின் உறவினர் கையிலேயே குவளையைக் கொடுத்தார். தாய் மகனுக்கு ஊட்டினாள்; அக்காள் தம்பிக்கு ஊட்டினாள். நூற்றுக்கு 30 வரை இருந்த சாவு அங்கே 4 வீதத்துக்கும் கீழே இறங்கியது. 1978இல் ‘லான்செட்’ என்னும் ஆங்கில மருத்துவ இதழ், இந்நூற்றாண்டின் மிகப் பெரிய மருத்துவ முன்னேற்றம் இதுவாகவே இருக்கலாம் என்று எழுதியது. மகலனோபிஸ் 2022ஆம் ஆண்டிற் காலமானார். மறு ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருதை அறிவித்தது. அவ்விருதிற் பாதி, பெயர் தெரியாத அந்த உறவினருக்கும் உரியது என்றே நாம் கருதுகின்றோம்.

இனி, நமது பொருளுக்கு மிக நெருங்கிய கதைக்கு வருவோம். ஒரு தேசத்துத் தாய்மார் அனைவருக்கும் இதனைக் கற்பிக்க முடியுமா? முடியும் என்று துணிந்து இறங்கியது வங்கதேசத்தில் பசிலே ஹசன் அபேத் நிறுவிய ‘பிராக்’ என்னும் தொண்டு நிறுவனம். 1979இல் ஓரிடத்திற் சோதித்துப் பார்த்து, 1980இல் தொடங்கிப் பத்தாண்டுகளில் ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் வீடுகளின் வாசலை அதன் பெண் ஊழியர் மிதித்தனர். பொதியும் இல்லை, கரண்டியும் இல்லை. மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் தண்ணீர். இவ்வளவே மருந்து. வீட்டுப் பாத்திரத்தில் அரைச் சேருக்கு ஒரு கோடு கிழித்துக்கொடுத்தார்கள். ஊழியர் செய்து காட்டியதோடு விடாமல், தாயே தன் கையாற் செய்ய வேண்டும், சுவைத்துப் பார்க்க வேண்டும், சொல்லிக் காட்டவும் வேண்டும் என்று விதித்தார்கள்.

ஆசிரியத் தொழிலில் இருப்போர் கூர்ந்து நோக்க வேண்டிய ஓர் ஏற்பாடும் அங்கே இருந்தது. கற்பித்த ஊழியருக்குச் சம்பளம், எத்தனை வீடு சென்றார் என்பதைக் கொண்டு அளக்கப்படவில்லை. சில வாரங்களின் பின் வேறொருவர் அவ்வீடுகளிற் சிலவற்றுக்குச் சென்று, தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கின்றது என்று கேட்பார். அவள் செய்த கரைசலின் மாதிரியை ஆய்வுகூடத்திற் சோதிப்பார்கள். மாணவி தேறினாற்றான் ஆசிரியைக்குக் கூலி! நமது கல்லூரிகளில் இம்முறை வந்தால் எத்தனை பேர் மாத முடிவில் வெறுங்கையோடு வீடு திரும்புவோம் என்பதை இங்கே ஆராயாது விடுவோம்.

இவ்வளவு செய்தும் ஒரு பெரிய ஏமாற்றம் காத்திருந்தது. தாய்மாரிற் பெரும்பாலோர் கரைசலைச் செவ்வையாகச் செய்து காட்டினர். ஆனால் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தபோது அதைக் கொடுத்தவர்கள் மிகச் சிலரே. ஏன் என்று விசாரித்தபோது இரண்டு உண்மைகள் வெளிப்பட்டன. முதலாவது, கற்பித்த ஊழியரே தமக்கு நோய் வந்தபோது அக்கரைசலைக் குடிக்கவில்லை. அவர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை. அவர்களை டாக்காவிலுள்ள கொலரா ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்று, மருந்து வேலை செய்வதைக் கண்ணாரக் காணச் செய்தார்கள். இரண்டாவது, வீட்டிலுள்ள ஆண்களுக்கு இது பற்றி எதுவும் சொல்லப்படவில்லை. “வெல்லத் தண்ணீரா மருந்து?” என்று கணவன் ஒரு வார்த்தை சொன்னால் தாய் கற்ற பாடம் அங்கேயே முடிந்தது. ஆகவே சந்தையிலும் பள்ளிவாசலிலும் ஆண்களைக் கூட்டி விளக்கினார்கள். அதன் பின்னரே பயன்படுத்துவோர் தொகை கூடிற்று.

தாய்மாருக்குக் கல்வி என்று பேசுவோர் மறந்துவிடும் இடம் இதுவே. நமது நாட்டிலும் சுகாதார வகுப்பென்றால் தாயை மட்டும் அழைத்து வரிசையில் இருத்துகின்றோம். வீட்டில் முடிவெடுப்போர் அந்த வரிசையில் இல்லை. மாமியார் “நான் ஏழு பெற்றவள்” என்பாள். கணவன் மரமுந்திரிகைத் தோட்டத்திலோ தோணியிலோ இருப்பான். பிள்ளை மெலிந்தாற் குற்றம் மட்டும் தாயின் தலையில் விழும். கிளினிக்கில் எடை குறைந்திருக்கின்றது என்று அறிந்ததும் நாலு பேர் முன்னிலையில் அவளைக் கடிந்துகொண்டால், அடுத்த மாதம் அவள் அங்கே வர மாட்டாள். பாடம் சொல்வதற்கும் பழி சொல்வதற்கும் இடையிலுள்ள தூரம் மிகக் குறுகியது.

இலங்கைக்கு இக்கல்வி புதிதன்று என்பதையும் சொல்லல் வேண்டும். 1926இற் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி தொடங்கப்பட்டது. அமெரிக்க ராக்பெல்லர் தாபனத்தின் உதவி அதற்கிருந்தது. நோய் வந்த பின் ஆஸ்பத்திரிக்கு வருவோரைப் பார்ப்பதோடு நில்லாது, வீடு தேடிச் செல்லும் மருத்துவ மாது என்னும் பதவி அத்தகைய பகுதிகள் வாயிலாகவே நாடெங்கும் பரவிற்று. இன்று குடும்பநல உத்தியோகத்தர் என வழங்கப்படும் அப்பெண்மணி, கர்ப்பம் தரித்த நாள் முதல் பிள்ளை பாடசாலை செல்லும் வரை ஒவ்வொரு வீட்டையும் தன் பதிவேட்டில் வைத்திருக்கின்றாள். 1935இல், மலேரியா இலங்கையைச் சூறையாடிய அந்த ஆண்டில், பிறந்த 1,000 குழந்தைகளில் 263 குழந்தைகள் முதலாண்டு நிறைவைக் காணவில்லை. 1950இல் அத்தொகை 82 ஆயிற்று. இன்று 10க்குக் கீழே. டீ.டீ.ற்றி. மருந்து தெளித்ததும் கிராமத்து ஆஸ்பத்திரிகள் பெருகியதும் அரிசிப் பங்கீடும் இதிற் பங்குடையன. ஆயினும் 1945இல் வந்த இலவசக் கல்வியை ஒதுக்கிவிட்டு இக்கணக்கை முடிக்க முடியாது.

ஜோன் கால்ட்வெல் என்னும் அவுஸ்திரேலியக் குடித்தொகை அறிஞர் 1979இல் நைஜீரிய நாட்டைப் பற்றி எழுதிய ஆய்வொன்று இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. குடும்ப வருமானம், கணவனின் தொழில் ஆகியவை ஒத்திருந்தபோதும், பள்ளி சென்ற தாயின் பிள்ளைகள் அதிகமாகப் பிழைத்திருந்ததை அவர் கண்டார். பள்ளியில் அவள் சுகாதார நூல் படித்தாள் என்பதனால் மட்டும் அன்று. படித்த பெண்ணின் சொல்லுக்கு வீட்டில் மதிப்பு ஏற்படுகின்றது. வைத்தியரைக் கேள்வி கேட்க அவள் அஞ்சுவதில்லை. “இப்போதே கொண்டுபோக வேண்டும்” என்று அவள் சொன்னால் வீடு அசைகின்றது. பின்னர் 1986இற் கேரளத்தையும் இலங்கையையும் கொஸ்ரா றிக்காவையும் எடுத்துக்காட்டி, வறிய நாடுகளும் மரணத்தைக் குறைத்த வழிகளுள் பெண் கல்வியை முன்னிறுத்தினார். ஆகவே இருபது வயதுத் தாய்க்கு நாம் நடத்தும் வகுப்பு, அவள் பத்து வயதுச் சிறுமியாயிருந்தபோதே பாதி நடந்து முடிந்திருக்க வேண்டும்.

இவ்வளவு முன்னேறிய நாட்டில் இனி என்ன குறை என்று கேட்போருக்கு 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டைக் காட்டுவோம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர். 15 பேர் உயரத்துக்கேற்ற எடை இல்லாதோர். பிள்ளைகள் சாகவில்லை; மெலிந்திருக்கின்றார்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பாலை மட்டும் கொடுப்பதில் நம் தாய்மார் உலகத்துக்கே முன்மாதிரி. அதே அளவீட்டில் அது 82 வீதம். அதன் பின்னர் ஊட்டும் உணவிலேதான் வழுக்கி விழுகின்றோம்.

வண்ணாத்திவில்லிலும் அதன் கரையோரத்திலும் இதன் விசித்திரத்தைக் காணலாம். விடியற்காலையில் இறாலும் நல்ல மீனும் பனிக்கட்டிப் பெட்டியில் ஏறிக் கொழும்புக்குப் போகின்றன. வீட்டுக் கோழியின் முட்டை கடைக்குப் போகின்றது. அக்காசில் வாங்கிய பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக் குழந்தைக்கு ஊட்டுகின்றோம். தேநீரோ உணவிலுள்ள இரும்புச் சத்தை உடலிற் சேரவிடாமற் குறைப்பது. முட்டையை விற்று அதற்குக் குறைந்த சத்தை வாங்குவதாகவே இது முடிகின்றது. ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்குக் கரண்டியைக் கவிழ்த்தால் வழிந்தோடாத அளவுக்குத் தடித்த கஞ்சி வேண்டும். அதிற் பருப்பும், முள் நீக்கி மசித்த ஒரு துண்டு மீனும், சிறிது தேங்காய்ப்பாலும் அல்லது எண்ணெயும், வேலியில் நிற்கும் முருங்கையிலையும் சேர வேண்டும். குழந்தையின் வயிறு சிறியது. தண்ணீர்க் கஞ்சியால் அது நிறையுமேயன்றிப் பிள்ளை வளராது. எடை குறைந்த பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அரசு 1973 முதல் வழங்கத் தொடங்கிய திரிபோஷா மா, வீட்டிலுள்ள எல்லோருக்கும் உருண்டையாகப் பங்கிடப்படும் செய்தியும் யாரும் அறியாததன்று. அங்கே குற்றவாளி தாயல்லள், பசியே. அரிசி இல்லாத வீட்டில் ஆலோசனை சொல்லி என்ன பயன்? 2022இன் பொருளாதார நெருக்கடியின்போது எத்தனையோ தாய்மார் தாம் உண்ணாமற் பிள்ளைக்கு ஊட்டினர். அவர்களுக்கு நாம் கற்பிக்க வேண்டியது எதுவும் இருக்கவில்லை.

கற்பிக்கப் போகிறவர் கற்றுக்கொள்ளவும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும் என்பதற்கு டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையாரின் வரலாறு சான்று. யமேக்காவிற் பிறந்து ஒக்ஸ்போட்டிற் கற்ற இவர், இன்று கானா என வழங்கும் நாட்டிற் பணிபுரிந்தபோது, வயிறும் காலும் வீங்கி, தோல் உரிந்து, மயிர் செம்பட்டையாகிச் சாகும் குழந்தைகளைக் கண்டார். மருத்துவ நூல்களில் அதற்குப் பெயரில்லை. அவ்வூர்த் தாய்மாரைக் கேட்டார். ‘குவாசியோக்கர்’ என்றார்கள் அவர்கள். அடுத்த குழந்தை வந்ததும் பால் மறக்கடிக்கப்பட்ட மூத்த பிள்ளைக்கு வரும் நோய் என்பது கா மொழியில் அச்சொல்லின் கருத்து. நோயின் பெயரிலேயே காரணமும் அடங்கியிருந்தது. 1935இல் அப்பெயரையே அவர் உலக மருத்துவத்துக்குக் கொடுத்தார். பின்னர் 1939இற் சிங்கப்பூரில் ரோட்டரி சங்கத்தார் முன்னிலையில், கட்டிப்பாலைச் சிசுக்களுக்கு உகந்ததென விளம்பரஞ் செய்வது கொலைக்கு ஒப்பாகும் என்று அஞ்சாது பேசினார்.

நமது பாட்டிமாரிடமும் இவ்வாறு கேட்டறிய வேண்டியவை பல உண்டு. பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப் புட்டும் சரக்குக் கறியும் சமைத்துக் கொடுத்து நாற்பது நாள் வேலை செய்யவிடாமற் காத்தவர்கள் அவர்கள். அதை விட்டுவிட வேண்டியதில்லை. சீம்பாலைப் பீய்ச்சி ஊற்றிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதையும், பச்சைப் பிள்ளைக்கு வசம்பு உரைத்து ஊட்டுவதையும் விட்டுவிட வேண்டும். சீம்பாலே குழந்தையின் முதல் நோய்த் தடுப்பு. வசம்போ சிசுவுக்கு வாந்தியையும் வேறு தீங்குகளையும் விளைக்கக்கூடியது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று பாட்டியோடு அமர்ந்து பேசினால் அவளே மருமகளுக்கு ஆசிரியையாகி விடுவாள். எந்த மொழியிற் பேசுவது என்பதும் இப்பகுதியிற் சிறிய கேள்வியன்று. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழும் மாவட்டம் இது. 1990 ஒக்ரோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பலவும் இம்மாவட்டத்திலேயே குடியேறின. பாட்டி தமிழிற் பேசப் பேரன் சிங்களத்தில் மறுமொழி கூறும் வீடுகளும் புத்தளம், சிலாபம் கரையோரத்தில் உண்டு. துண்டுப் பிரசுரத்தின் மொழி தாய்க்குப் புரியாவிட்டால் அஃது அடுப்பெரிக்கவே உதவும்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொதித்தாறிய நீர் என்றால் எல்லாம் தீர்ந்தது என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். கிருமிக்கு அது சரி. ஆனால் கடலேரிக்கு அக்கரையிலுள்ள கற்பிட்டிக் குடாநாட்டின் மணற்பாங்கான நிலத்தில், மரக்கறித் தோட்டங்களுக்கு இடும் பசளை நிலத்தடி நீரில் இறங்கி, நைத்திரேற்று என்னும் உப்பு பல கிணறுகளில் அளவு மீறியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. அந்நீரிற் பால்மா கரைத்துக் கொடுக்கப்பட்ட சிசுவின் இரத்தம் உயிர்வாயுவைச் சுமக்க இயலாமற் போய் உடல் நீலம் பாரிக்கலாம். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். தோட்டத்துக்கு அருகிற் கிணறு வைத்திருப்போர் நீரைச் சோதிப்பித்துக் கொள்ளுதல் நலம். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு இந்தக் கவலையே இல்லை.

உப்புக்கோ புத்தளத்திற் பஞ்சமில்லை. வெயிலிற் பளபளக்கும் உப்பளங்களைப் பார்த்தே இங்குள்ள பிள்ளைகள் வளர்கின்றனர். 1995 முதல் இந்நாட்டில் மனிதர் உண்ணும் உப்பனைத்திலும் அயடீன் சேர்த்தல் சட்டமாயிற்று. கர்ப்பத்திலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அயடீன் இன்றியமையாதது. உப்பளத்திலிருந்து நேரே அள்ளி வந்த உப்பில் அது சேர்ந்திராது. அடுப்பங்கரையில் மூடாமல் வைத்த உப்பிலும் அது குறைந்துபோகும். எனவே கடையிலிருந்து வாங்கிய அயடீன் உப்பை மூடியுள்ள பாத்திரத்தில், தீயினின்று விலக்கி வைத்தல் வேண்டும்.

இனி மருந்தைச் செய்வோம். ‘ஜீவனி’ என்று நம் தாய்மாருக்குப் பழக்கமான பொதி கையில் இருந்தால் அதுவே முதன்மையானது. முழுப் பொதியையும் ஒரே தடவையில், பொதியிற் குறித்த 1 லீற்றர் கொதித்தாறிய நீரிற் கரைக்க வேண்டும். பாதிப் பொதியைப் போட்டு மீதியை மடித்து வைத்தல் தவறு, அளவு கெட்டுவிடும். பொதி இல்லாத இரவில், 1 லீற்றர் நீருக்குத் தலை தட்டிய 6 தேக்கரண்டி சீனியும் தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும். சிட்டிகையும் கைப்பிடியும் ஆளுக்கு ஆள் வேறுபடும். கரண்டி உள்ள வீட்டிற் கரண்டியால் அளப்பதே நலம். உப்புக் கூடினால் ஆபத்து. கொடுக்கும் முன் தாய் ஒரு வாய் சுவைத்துப் பார்க்க வேண்டும். கண்ணீரைவிட உவர்ப்பாயிருந்தால் ஊற்றிவிட்டு வேறு செய்க. கரைத்து 24 மணி நேரம் கடந்ததைப் பயன்படுத்தலாகாது. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு முறை வயிறு போனதும் 50 முதல் 100 மில்லிலீற்றர் வரை. அதற்கு மேற்பட்ட வயதினருக்கு இரு மடங்கு. போத்தலில் வேண்டாம், கரண்டியாலும் குவளையாலும் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். வாந்தியெடுத்தாற் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் இன்னும் மெதுவாகத் தொடங்கலாம். தாய்ப்பாலை ஒரு வேளையும் நிறுத்தலாகாது. கஞ்சியும் கொடுக்கலாம், இளநீரும் கொடுக்கலாம். சோடா வகைகள் ஆகா. அவற்றின் மிகுந்த சீனி குடலுக்குள் இன்னும் நீரை இழுத்துவிடும். வைத்தியர் தரும் நாக மாத்திரையை, வயிற்றோட்டம் நின்ற பின்னும், அவர் சொன்ன 10 முதல் 14 நாள் வரை கொடுத்து முடிக்க வேண்டும். அது அடுத்த தாக்குதலையும் குறைக்கும்.

காய்ச்சலுக்கு மட்டும் வேறொரு எச்சரிக்கை. டெங்கு நடமாடும் நாடு இது. பரசிற்றமோல் தவிர வேறு காய்ச்சல் மருந்தை வைத்தியர் சொல்லாமற் கொடுத்தலாகாது. இபுபுறூபன், அஸ்பிரின் முதலியன டெங்குக் காய்ச்சலிற் குருதிப் பெருக்கை உண்டாக்கிவிடும். காய்ச்சல் தணிந்த நாளே டெங்கில் அபாயமான நாள் ஆகலாம். விட்டுவிட்டதென்று அன்று பிள்ளையை விளையாட விடவேண்டாம்.

எப்போது புறப்பட வேண்டும் என்பதைத் தாய் மட்டுமன்றித் தந்தையும் பாட்டியும் மனப்பாடமாய் வைத்திருத்தல் வேண்டும். பிள்ளை குடிக்க மறுத்தால், அல்லது குடித்ததையெல்லாம் வாந்தியெடுத்தால். மலத்தில் இரத்தம் கண்டால். கண் குழிந்து, தோல் மடிப்பு விரியாதிருந்தால். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதிருந்தால். எழுப்பவும் விழிக்காமல் துவண்டு கிடந்தால். ஆறு மாதத்துக்குட்பட்ட சிசுவாயிருந்தால். விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது. 1990 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தால் ‘சுவசெரிய’ நோயாளர் வண்டி கட்டணமின்றி வரும். தோட்டப் பாதையில் வீட்டை அடையாளம் காண்பது கடினமாதலால், ஒருவர் மின்சூள் ஒன்றை எடுத்துக்கொண்டு வீதிக்குப் போய் நிற்க வேண்டும். பக்கத்து வீட்டு முச்சக்கர வண்டி முதலில் கிடைத்தால் அதிலே ஏறிவிடுக. குழந்தையின் பதிவேட்டை மறவாமல் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை விழித்து விழுங்கும் நிலையிலிருந்தால், கரைத்து வைத்த நீரைப் போத்தலில் ஊற்றிக் கையோடு கொண்டு சென்று, புத்தளம் வரையும் வழி முழுவதும் கரண்டி கரண்டியாக ஊட்டிக்கொண்டே போகவேண்டும்.